உள்ளூர் விடுமுறையில் உரிமைப் போராளிகளை நினைவுகூர்வது எப்படி: குமரி மாவட்டத்துக்கான ஒரு கையேடு

உரிமைப் போராளிகளுக்காகப் புதிதாக ஒரு விடுமுறை கேட்டுத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வரிசையில் நிற்கும் முன், ஏற்கெனவே கையில் இருக்கும் விடுமுறைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, சுசீந்திரம் தேர், சிவராத்திரி, ஓணம் என்று குமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறைக்குப் பஞ்சமே இல்லை. உரிமைப் போராட்டத்தோடு நேரடித் தொடர்புள்ள இரண்டு நாள்களும் அதில் இருக்கின்றன. ஒன்று, அய்யா வைகுண்டர் அவதார தினமான மாசி 20. மற்றொன்று, 1956-இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1.

ஆக, நாள் கிடைத்துவிட்டது. அந்த நாளில் நடப்பது என்ன? சிலைக்கு மாலை, நாலு கட்சிக்காரர் பேச்சு, வாட்ஸ்அப்பில் படம். காலை 11 மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். மாலை ஒரே ஒரு கழுத்தில் விழுகிறது. அவர் பின்னால் நடந்தவர்கள், அடிபட்டவர்கள், சிறை போனவர்கள், அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் பெயர் ஒலிபெருக்கியில்கூட வருவதில்லை. அந்தப் பெயர்களைத் தேடுவது, சரிபார்ப்பது, சம்பவம் நடந்த ஊரிலேயே நிலைக்கும்படி வைப்பது ஆகிய மூன்று வேலைகளுக்கு விடுமுறையைப் பயன்படுத்தும் வழிதான் இங்கே.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. மார்ட்டின் லூதர் கிங் 1968-இல் கொல்லப்பட்ட சில நாள்களிலேயே அவர் பிறந்தநாளை விடுமுறையாக்கும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. 1983-இல்தான் சட்டமானது. 1986-இலிருந்து ஜனவரி மூன்றாம் திங்கள்கிழமை விடுமுறை. அது வெறும் ஓய்வு நாளாகத் தேய்வதைக் கண்டு 1994-இல் இன்னொரு சட்டத்தின் மூலம் அதைத் தொண்டு நாளாகவும் அறிவித்தார்கள். அப்படியும் அந்த இயக்கத்தின் பல பெயர்கள் பொதுமக்கள் வாயில் ஏறவில்லை. 1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரில் பேருந்துப் புறக்கணிப்புக்கு ஒரே இரவில் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை சைக்ளோஸ்டைல் போட்டுத் தள்ளியவர் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை. அந்தத் தாள்கள் இல்லாமல் மறுநாள் ஊருக்கே செய்தி போயிருக்காது. நம்மூரிலும் இப்படி ஒருவர் நிச்சயம் இருந்திருப்பார். அவரைத் தேடுங்கள்.

விடுமுறையின் சட்டநிலை

பொது விடுமுறை வேறு, உள்ளூர் விடுமுறை வேறு. பொது விடுமுறையை ஆண்டுதோறும் மாநில அரசு அறிவிக்கிறது. அன்று வங்கிகளும் மூடியிருக்கும். உள்ளூர் விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். அது 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின்படி விடப்படுவதல்ல என்று ஆட்சியரின் செய்திக்குறிப்பிலேயே இருக்கும். அதனால் வங்கி திறந்திருக்கும், கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு இயங்கும். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். தனியார் கடை, செங்கல் சூளை, முந்திரி ஆலை எதுவும் அன்று மூடவேண்டியதில்லை. கூலி வேலைக்குப் போகும் பெண்கள் உங்கள் காலைக் கூட்டத்துக்கு வரவில்லையே என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. அவர்களும் வேண்டுமென்றால் மாலை 5 மணிக்கு வையுங்கள்.

அந்த ஈடுசெய்யும் சனிக்கிழமையைப் பலரும் கவனிப்பதில்லை. பாடச் சுமை குறைவான நாள் என்பதால் நினைவு நாள் தொடர்பான வகுப்பைத் தலைமையாசிரியர் அன்று அனுமதிக்க வாய்ப்பு அதிகம்.

எந்த நாள், எந்த இடம்

மாசி 20 இப்போதெல்லாம் மார்ச் 3 அல்லது 4-இல் வருகிறது. சாமிதோப்பை நோக்கி நாகர்கோவிலிலிருந்து பெரும் ஊர்வலம் போகும் நாள். அன்று அதே சாலையில் உங்கள் சங்கம் தனி ஊர்வலம் நடத்த நினைக்காதீர்கள். காவல்துறை அனுமதி தராது, தந்தாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஊர்வலம் கடந்து போகும் ஓர் இடத்தில் தண்ணீர்ப் பந்தலும், பக்கத்தில் வாசிக்கத்தக்க ஒரு பலகையும் வைப்பது போதும். பலகையில் வைகுண்டரின் சமயப் பெருமையை எழுதவேண்டாம். அது அன்பர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். தலைப்பாகை கட்ட உரிமையில்லாதவர்களைத் தலைப்பாகையோடு வழிபட வைத்தது, எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் இறைக்க முத்திரிக் கிணற்றை ஏற்படுத்தியது ஆகிய இரண்டையும் தலா நாலு வரியில் எழுதுங்கள்.

நவம்பர் 1 தான் மிகவும் வசதியான நாள். 2022 முதல் அது மாநிலம் முழுதும் உள்ளாட்சி நாள், கிராம சபை கூடும் நாளும்கூட. ஒரே நாளில் நினைவுகூரலும் தீர்மானமும் முடியும். தடைகள் இரண்டு. ஐப்பசி அடைமழை, திறந்தவெளிப் பந்தலை நம்பாமல் பள்ளிக்கூட வராந்தா, சமுதாய நலக்கூடம் என்று மாற்று இடம் கையில் இருக்கட்டும். அடுத்தது, அன்று சகல புனிதர் திருநாள், மறுநாள் கல்லறைத் திருநாள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஊர்களில் காலைத் திருப்பலி முடிவதற்குள் கூட்டம் தொடங்கினால் பாதி ஊர் வராது. 10 மணிக்கு மேல் வையுங்கள்.

ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள், அரசு அறிவித்த சமத்துவ நாள். அதே நாள் சித்திரை விஷு. கணி கண்டு, கைநீட்டம் வாங்கி, கோயில் போய்த் திரும்பவே காலை ஓடிவிடும்.

விடுமுறை இல்லாத தேதிகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். நாடார் பெண்கள் மேலாடை அணியும் தோள்சீலை உரிமை அறிவிக்கப்பட்ட ஜூலை 26 (1859), தமிழகத்தோடு இணைக்கக் கேட்டுப் போராடியவர்கள்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்த ஆகஸ்ட் 11 (1954), திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச அறிவிப்பு வெளியான நவம்பர் 12 (1936) ஆகியவை பெரும்பாலும் பள்ளி வேலைநாளில்தான் வரும். பள்ளியில் ஏதாவது செய்ய விடுமுறையைவிட இவைதான் தோது. விடுமுறை நாளில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும், பிள்ளைகள் முட்டத்திலும் திற்பரப்பிலும் இருப்பார்கள். நினைவு நாள் பிள்ளைகளிடம் போய்ச் சேராததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பெயர்ப் பட்டியல்: நேரம் பிடிக்கும் வேலை

குறைந்தது மூன்று மாதத்துக்கு முன் தொடங்குங்கள். முதலில் ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: பெயர், ஊர், என்ன செய்தார், எந்த ஆதாரம். நான்காம் பத்தி காலியாக இருந்தால் அந்தப் பெயர் பலகைக்கோ கல்லுக்கோ போகக்கூடாது, வாய்மொழிப் பட்டியலில் இருக்கட்டும்.

எல்லோருக்கும் தெரிந்த பெயர்களை முதல் பக்கத்தில் எழுதி முடியுங்கள். 1895 ஜூன் 12-இல் பிறந்த மார்ஷல் நேசமணி, இணைப்புப் போராட்டத்தில் அவரோடு நின்ற தாணுலிங்க நாடார், குஞ்சன் நாடார், அப்துல் ரசாக். திருவிதாங்கூர் தமிழர் காங்கிரஸைத் தொடங்கிய சாம் நத்தானியல். 1948-இல் துப்பாக்கிச்சூட்டில் இறந்த மங்காடு தேவசகாயம், கீழ்குளம் செல்லையா. கோயில் நுழைவுப் பக்கத்தில் டாக்டர் எம்.இ. நாயுடு. வைக்கம் சத்தியாகிரகத்துக்கு ஆதரவாக 1924 நவம்பரில் இரண்டு நடைப்பயணங்கள் திருவனந்தபுரத்துக்குப் போயின. வைக்கத்திலிருந்து போனது மன்னத்து பத்மநாபன் தலைமையில், கோட்டாற்றிலிருந்து போனது இவர் தலைமையில். 1926-இல் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காக நடந்த சத்தியாகிரகத்தின் முன்னணியிலும் இவரே. பூதப்பாண்டி ஜீவாவின் பெயரும் இந்தப் பக்கத்தில்தான் வரும். அதற்கும் முந்தைய தலைமுறையில் மயிலாடி வேதமாணிக்கம். மிஷனரி ரிங்கல்தௌபேயை 1806-இல் தென்திருவிதாங்கூருக்கு வரவழைத்த சாம்பவர் சமூகத்தவர். மிஷனரிகளின் பெயரைச் சொல்லும் பல மேடைகளில் அவரைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் பக்கத்தில்தான் உண்மையான வேலை. அதற்கான வழிகள்:

1956-க்கு முந்தைய அரசு ஆவணங்கள் பெரும்பாலும் திருவனந்தபுரத்திலுள்ள கேரள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ரயில் ஏறி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆவணங்கள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருக்கும். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். விளவங்கோடு பக்கம் அப்படி ஒருவர் கிடைக்காமல் போகமாட்டார். ஊர்ப்பெயர்களைப் பழைய வடிவத்தில் தேடவேண்டும். மார்த்தாண்டம் என்று தேடினால் கிடைக்காதது தொடுவெட்டி என்று தேடினால் கிடைக்கும்.

தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, சபை அறிக்கை ஆகியவற்றில் 19-ஆம் நூற்றாண்டுப் பெண்களின் பெயர்கள் கிடைக்கக்கூடும். தோள்சீலைப் போராட்டத்தின் பெரிய குறையே அடிபட்ட பெண்களின் பெயர் அரசுத் தாளில் பதிவாகாததுதான். தாள்களில் ‘சாணார் ஸ்திரீகள்’ (அன்று நாடார் பெண்களைக் குறித்த பெயர்) என்று மொத்தமாக இருக்கும். பெயர் கிடைக்காத இடத்தில் ஊரை எழுதுங்கள். ‘பெயர் பதிவாகாத பெண்கள்’ என்று ஒரு வரி வைப்பதில் தவறில்லை. கற்பனைப் பெயர் வைப்பதுதான் தவறு. அதே காரணத்தால், முலைவரியை எதிர்த்து உயிர்விட்டதாகச் சொல்லப்படும் சேர்த்தலை நங்கேலியின் கதையைக் குமரிப் பலகையில் ஏற்றாதீர்கள். அது வேறோர் ஊரின் வாய்மொழி வழக்கு.

பழைய ஆவணங்களிலுள்ள கொல்லம் ஆண்டை (மலையாள ஆண்டை) ஆங்கில ஆண்டாக மாற்றுவதில் நடக்கும் பிழை எங்கும் உண்டு. கொல்லம் ஆண்டு ஆவணி வாக்கில் பிறக்கிறது. எனவே ஆவணி முதல் டிசம்பர் வரையான தேதிக்கு 824-ஐக் கூட்டவேண்டும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐக் கூட்டவேண்டும். கொல்லம் 1112 துலாம் (ஐப்பசி) மாதத்து ஆலயப் பிரவேச அறிவிப்புக்கு 824 கூட்டினால் 1936. கொல்லம் 1008 மாசி 20-க்கு 825 கூட்டினால் 1833. எல்லாவற்றுக்கும் 825 என்று கூட்டிவிட்டு ‘1937’ என்று பலகை அடித்துவிட்டால் மறு ஆண்டு வரை அது தொங்கும். இன்னொன்று: 1833-இல் மாசி 20 மார்ச் 1-இல் வந்தது, இப்போது மார்ச் 3 அல்லது 4-இல் வருகிறது. இரண்டும் சரிதான், நம் சூரிய நாட்காட்டி ஆங்கில நாட்காட்டியிலிருந்து மெல்ல நகர்கிறது. அன்பர்கள் தமிழ்த் தேதியைத்தான் கொண்டாடுகிறார்கள், நீங்களும் அதையே பின்பற்றுங்கள்.

1954 துப்பாக்கிச்சூட்டில் இறந்தோர் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. பேனரில் ‘இத்தனை தியாகிகள்’ என்று எண்ணைப் பெரிதாகப் போட்டால் அடுத்த ஊர்க்காரர் வேறோர் எண்ணோடு வந்து நிற்பார், கூட்டம் அந்தச் சண்டையிலேயே முடியும். எண்ணைத் தவிர்த்து, ஆதாரம் உள்ள பெயர்களை எழுதுங்கள்.

அடுத்து, உயிரோடு இருப்பவர்கள். 1954-இல் பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். பேட்டி எடுக்கக் கைப்பேசி போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, பேசுபவரின் முகத்திலிருந்து ஒரு கை நீளத்தில் வையுங்கள். ஒரு நாளில் 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் கேள்வி இடம் பற்றியதாக இருக்கட்டும்: ‘அப்போ சந்தை எங்கே இருந்துச்சு, தாத்தா?’ இடம் நினைவுக்கு வந்தால் ஆள்கள் தாமாக வருவார்கள். ‘பயமா இருந்துச்சா?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்ற ஒரு சொல்லோடு முடியும். 1948-ஐயும் 1954-ஐயும் சேர்த்துக் குழப்பிச் சொல்வது மிகச் சாதாரணம். நடுவில் திருத்தாதீர்கள். பேசி முடித்தபின், அந்த ஆண்டு வீட்டில் யாருக்குக் கல்யாணம், யார் பிறந்தார் என்று கேட்டால் ஆண்டு தெளியும். பதிவைப் பொதுவில் வைக்கச் சம்மதமா என்று கேட்டு, அந்தப் பதிலையும் அதே ஒலிப்பதிவில் பிடித்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது வழுக்கும் இடங்கள்

‘1859-இல் முழு உரிமை கிடைத்தது’ என்று எழுதாதீர்கள். அந்த அறிவிப்பு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்தது. நிபந்தனையைச் சேர்த்து வாசித்தால்தான் போராட்டம் அதற்கப்புறமும் ஏன் தொடர்ந்தது என்பது பிள்ளைகளுக்குப் புரியும். வைக்கமும் அப்படியே. 1925-இல் கோயிலைச் சுற்றிய சாலைகளில் கிழக்குச் சாலை மட்டும் திறக்கப்படவில்லை.

1936 அறிவிப்பைச் சொல்லும்போது சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பெருந்தன்மையோடு கதையை நிறுத்துவது ஒரு பழக்கம். கையெழுத்து அவருடையது, மறுக்கவேண்டாம். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் வைக்கத்திலும் சுசீந்திரத்திலும் வெயிலில் உட்கார்ந்தவர்களை முதலில் சொல்லி, அறிவிப்பைக் கடைசியில் சொல்லுங்கள். வரிசையை மாற்றினாலே பாதி நியாயம் வந்துவிடும்.

தோள்சீலைப் போராட்டத்தைக் காட்ட மாணவிகளுக்குப் பழங்கால வேடம் போடுவதும், அந்தக் காலப் பெண்களின் படத்தை ஃபிளெக்ஸில் பெரிதாக்குவதும் வேண்டவே வேண்டாம். யாருடைய மானத்துக்காக அந்தப் போராட்டம் நடந்ததோ அவர்களையே காட்சிப்பொருள் ஆக்குவது அது. அறிவிப்பின் வாசகத்தை ஒரு மாணவி உரக்கப் படிப்பது இதைவிட அழுத்தமாக இருக்கும்.

இன்னொரு வழுக்கல், நினைவு நாள் ஒரு சாதியின் வெற்றி விழாவாக மாறுவது. பட்டியலின் ஊர்ப் பத்தியையும் சமூகங்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரே சாதிப் பெயர்களாக இருந்தால் தேடல் முடியவில்லை என்று பொருள். அடிமைமுறை திருவிதாங்கூரில் 1855-இல் ஒழிக்கப்பட்டது. வயலில் அடிமையாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள் உங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

பள்ளியில் ஒரு பாடவேளை

40 நிமிடம்தான் கிடைக்கும். முதல் 10 நிமிடம் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு பழைய தாலுகாக்களைக் கரும்பலகையில் வரைந்து, பிள்ளைகள் தங்கள் ஊரைக் குறிக்கட்டும். அடுத்த 15 நிமிடம் ஒரே ஒரு ஆவணத்தை, அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல், வாசிக்க வையுங்கள். மீதி நேரத்தில் வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை அவர்களே எழுதட்டும். பேச்சுப் போட்டி வேண்டாம். கூகுளில் எடுத்த ஒரே கட்டுரையைப் பதினைந்து பேர் ஒப்பிப்பார்கள்.

தீர்மானம்

நினைவுக் கல்லுக்கோ பெயர் சூட்டலுக்கோ உள்ளாட்சியின் தீர்மானம் வேண்டும். முதலில் உங்கள் ஊர் எந்த வகை என்று பாருங்கள். சாமிதோப்பு ஊராட்சி, அங்கே கிராம சபை உண்டு. புதுக்கடை, சுசீந்திரம், மயிலாடி, பூதப்பாண்டி எல்லாம் பேரூராட்சிகள், மார்த்தாண்டம் குழித்துறை நகராட்சிக்குள் வருகிறது. இங்கெல்லாம் கிராம சபை கிடையாது. பேரூராட்சியில் செயல் அலுவலரிடமும் வார்டு உறுப்பினரிடமும், நகராட்சியில் ஆணையரிடமும் மனுக் கொடுத்து மன்றக் கூட்டத்தில் பொருளாக வைக்கச் சொல்லவேண்டும். நவம்பர் 1 அன்று கிராம சபையைத் தேடிப் பேரூராட்சி அலுவலகத்தில் போய் நிற்பவர்களை ஆண்டுதோறும் காணலாம்.

ஊராட்சியானால், இரண்டு வாரம் முன்பே தலைவரிடமோ, தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடமோ எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அன்றைக்கு மைக்கைப் பிடித்துப் பேசினால் பதிவேட்டில் ஏறாது. குறைவெண் வரம்பும் (கூட்டத்துக்குக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற விதி) உண்டு. மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. குமரி ஊராட்சிகள் பெரியவை என்பதால் பெரும்பாலும் 200 அல்லது 300 தேவைப்படும். மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் எண்ணிக்கை நிறையும்.

தீர்மான வாசகம் சுருக்கமாக, இடம் அளவு தேதியோடு இருக்கட்டும். மாதிரி: ‘1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த நம் ஊரைச் சேர்ந்தவர்களின் பெயர் பொறித்த 3 அடிக்கு 2 அடி கருங்கல்லை ஊராட்சி நூலக வளாகத்தின் முன்சுவரருகே நிறுவவும், ஆண்டுதோறும் அந்நாளில் வளாகத்தைத் தூய்மை செய்து பெயர்களை வாசிக்கவும் தீர்மானிக்கப்படுகிறது.’ ‘ஆவன செய்யப்படும்’ என்று முடியும் தீர்மானம் எங்கும் போகாது.

சந்திப்பில் சிலை வேண்டும் என்று கேட்பதில் காலத்தைக் கழிக்காதீர்கள். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலைகள் வைக்க அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டிருக்கிறது. நூலகம், பள்ளி, ஊராட்சி வளாகம் ஆகியவற்றின் சுற்றுச்சுவருக்குள் கல் வைப்பது எளிது.

கல்

சிற்பிகளின் ஊரான மயிலாடி பக்கத்தில் இருக்கும்போது கிரானைட் ஓட்டில் லேசர் போட்டு ஒட்டுவது அநியாயம். லேசர் எழுத்து மேற்பரப்பில்தான் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் கீறலும் பட்டால் மங்கிவிடும். உளியாலோ எந்திரத்தாலோ 3 முதல் 4 மில்லிமீட்டர் ஆழம் வெட்டச் சொல்லுங்கள். ஆழம் இருந்தால் சாயம் போனபிறகும் நிழலிலேயே எழுத்து தெரியும்.

அளவு: 3 அடி அகலம், 2 அடி உயரம், 2 அங்குலக் கனம். இது சரியாக ஒரு கன அடி, எடை சுமார் 75 கிலோ. நாலு ஆள் வேண்டும், ஆட்டோவின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவர முடியாது. பத்தடி தூரத்திலிருந்து வாசிக்க ஓரங்குல எழுத்து. தமிழில் மேலே விசிறி, கீழே கொக்கி இருப்பதால் வரிக்கு வரி 2 அங்குலம் விடவேண்டும். ஓரம் 2 அங்குலம் போக 10 வரிதான் வரும். வரிக்கு மூன்று சொல் என்றால் மொத்தம் 30 சொல். ‘நமது மாண்புமிகு’ என்று ஆரம்பித்தால் தியாகிகளுக்கு இடம் இருக்காது. திறந்துவைப்பவர், முன்னிலை வகிப்பவர், ஒப்பந்தக்காரர் பெயர்களைக் கல்லின் பின்பக்கம் வெட்டச் சொல்லுங்கள். இதற்கு ஒரு சண்டை வரும். அதைக் கல் வெட்டுவதற்கு முன்பே போட்டு முடித்துவிடுவது நல்லது.

வெட்டுமுன் அதே அளவில் தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, சம்பந்தப்பட்ட குடும்பத்தார் மூன்று பேரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ன-ண, ல-ள-ழ, தகப்பனார் பெயரின் முதலெழுத்து, வீட்டுப்பெயர் ஆகியவைதான் பிழை வரும் இடங்கள். கல்லில் விழுந்த பிழையைத் திருத்த வழியில்லை. முழு முகத்தையும் மறுபடி தேய்த்து இறக்கவேண்டும்.

கடற்கரை ஊர்களில் இரும்புக் கொக்கியால் சுவரில் மாட்டினால் உப்புக்காற்றில் துரு ஏறி உப்பி, கல்லின் மூலை தெறித்துவிடும். துருப்பிடிக்காத ஸ்டீல் பிடிப்பு வாங்குங்கள். அல்லது தரையில் பீடம் கட்டிச் சற்றே பின்சாய்த்து நிறுத்துங்கள், மழைநீர் எழுத்தில் தேங்காமல் ஓடும். மேல் மூலை இரண்டிலும் ஒரு வளையம் வைத்துவிட்டால் மாலையை ஓரத்தில் தொங்கவிடலாம், பெயர்கள் மறையாது. சந்தனமும் குங்குமமும் எழுத்துக்குள் அப்பிவிடும். அன்று மாலையே தண்ணீரும் தேங்காய்நார் பிரஷும் போட்டுக் கழுவ ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

அன்றைய நாள்

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், பெட்டி ஒலிபெருக்கி போதும். சாலையோர ஃபிளெக்ஸ் பேனருக்கு அனுமதி வாங்கும் அலைச்சலைவிடத் துணியில் எழுதி வளாகத்துக்குள் கட்டுவது லேசு. அரசு மணிமண்டபச் சிலைக்கு மாலை போடவேண்டுமானால் முன்கூட்டியே செய்தி மக்கள் தொடர்புத் துறைக்குச் சொல்லுங்கள். அதிகாரிகளும் அமைச்சர்களும் வரும் நேரம் போக மீதி நேரம் தருவார்கள். தோவாளைச் சந்தையில் பூவை முந்தின நாளே சொல்லிவையுங்கள். முகூர்த்த நாளிலும் ஓணத்தை ஒட்டியும் விலை எகிறிவிடும்.

நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதலில் பெயர் வாசிப்பு. ஒவ்வொரு பெயரையும் ஊரோடு சேர்த்து, நிதானமாக, ஒரு மாணவரும் ஒரு முதியவரும் மாறிமாறி வாசிக்கட்டும். பேச்சாளர்கள் நாலு பேர், ஆளுக்கு 7 நிமிடம். பொன்னாடை கிடையாது என்பதை அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுங்கள். இருபது பொன்னாடை போர்த்தி முடிக்க அரை மணி நேரம் போகும்.

சுசீந்திரத்தில் நடத்துவதென்றால் மேடை தேவையில்லை. 1926-இல் எந்தத் தெருக்களில் நடக்க உரிமை கேட்டார்களோ, அந்த ரத வீதிகளில் எல்லாச் சமூகத்தவரும் சேர்ந்து ஒரு சுற்று நடந்தால் அதுவே நிகழ்ச்சி. மார்கழித் திருவிழா நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாடு சமபந்தியாகவே இருக்கட்டும். 100 பேருக்கு 14 கிலோ புழுங்கல் அரிசி, சாம்பாருக்கு 3 கிலோ பருப்பு, ஒரு அவியல், ஒரு துவையல். பிளாஸ்டிக் தடை இருப்பதால் வாழையிலை, டம்ளர். 20 லிட்டர் தண்ணீர் கேன் நான்கு. யார் சமைப்பது, யார் பரிமாறுவது என்பதை முந்தின நாள் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். விருந்தினருக்கென்று தனி மேசை போட்டால் முதல் பந்தியிலேயே எல்லாம் கெட்டது. ஆட்சியர் வந்தாலும் அதே பந்தியில் அதே பெஞ்ச்.

முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் மூன்று பிரதிகள் எடுங்கள்: பெயர்ப் பட்டியல் அதன் ஆதாரப் பத்தியோடு, பேட்டி ஒலிப்பதிவுகள், தீர்மான நகல். ஒன்று ஊர் நூலகத்துக்கு, ஒன்று பள்ளிக்கு, மூன்றாவது நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கு. ஒலிக்கோப்பின் பெயரில் ஊர், பேசியவர், தேதி மூன்றும் இருக்கவேண்டும். ‘ஆடியோ 17’ என்று வைத்தால் ஐந்தாண்டு கழித்து யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பென்டிரைவை மட்டும் நம்பாமல் மேகச் சேமிப்பிலும் ஒரு பிரதி ஏற்றுங்கள். வாய்மொழிப் பட்டியலில் நின்றுபோன பெயர்களை அடுத்த ஆண்டுக் குழுவிடம் எழுத்தில் ஒப்படையுங்கள், ஒவ்வொன்றுக்கும் எந்தப் பதிவேட்டை இனிப் பார்க்கவேண்டும் என்ற குறிப்போடு.